காலாப்பட்டிலிருந்து காலாப்பட்டுக்கு: ஒரு யூனிட்டின் பயணம்

ஞாயிற்றுக்கிழமை நண்பகல் என்று வைத்துக்கொள்வோம். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிக் காலாப்பட்டில் பரந்து கிடக்கும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் வகுப்புகள் இல்லை. துறைகளில் ஏ.சி. ஓடவில்லை, ஆய்வுக்கூடங்கள் பூட்டியிருக்கின்றன. விடுமுறை கிடைக்காதவை சூரியத் தகடுகள் மட்டும்தான். 1985இல் தொடங்கப்பட்ட இந்த மத்தியப் பல்கலைக்கழகத்தின் 2.4 மெகாவாட் சூரிய மின்நிலையத்தை 2021 செப்டம்பரில் அன்றைய குடியரசுத் துணைத்தலைவர் வெங்கையா நாயுடு திறந்துவைத்தார். நம் பக்கத்து வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு யூனிட் தரும். அந்தக் கணக்கில் 2.4 மெகாவாட்டுக்கு நாளைக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம் யூனிட். அதில் ஒன்றே ஒன்றைத் தொடர்ந்து போவோம்.

நண்பகல் பன்னிரண்டுக்குப் பிறக்கும் அந்த யூனிட், அன்று இரவு ஏழு மணிக்குப் பெரிய காலாப்பட்டில் ஒரு மீனவர் வீட்டு மின்விசிறியைச் சுற்ற வேண்டும். பிறந்த இடத்திலிருந்து போய்ச் சேரும் இடத்துக்கு நடந்தே போய்விடலாம். இடையில் கிடக்கும் ஏழு மணி நேரத்தைத்தான் கடக்க முடியாது. மின்சாரத்துக்குத் தூரம் ஒரு பொருட்டே இல்லை. அதன் பயணத்தில் கடினமான வழி முழுவதும் காலத்தில்தான் இருக்கிறது. நம் மின்கட்டண ரசீது சொல்லாமல் விடுவதும் இதைத்தான்.

பிறப்பு

சூரியனின் மேற்பரப்பிலிருந்து கிளம்பிய ஒளி எட்டு நிமிடத்துச் சொச்சத்தில் காலாப்பட்டு வந்து சேர்கிறது. தகட்டில் இருக்கும் சிலிக்கான் அந்த ஒளியில் ஐந்தில் ஒரு பங்கைப் பிடித்து மின்சாரமாக்குகிறது. மிச்சம் பெரும்பாலும் வெப்பமாகிறது. ஒளி பட்டால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1839இல் கண்டவர் எட்மண்ட் பெக்கரெல் என்ற பிரெஞ்சு இளைஞர்; அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. அந்த ஆண்டில் புதுச்சேரியும் பிரான்ஸின் ஆட்சியில்தான் இருந்தது. கண்டுபிடிப்பு இந்த வளாகத்தில் வேலைக்கு வர நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

தகட்டிலிருந்து வருவது ஒரே திசையில் ஓடும் நேர்மின்சாரம். ஊரில் ஓடுவதோ நொடிக்கு ஐம்பது முறை முன்னும் பின்னும் அலையும் மாறுதிசை மின்சாரம். நடுவில் உள்ள இன்வெர்ட்டர் ஒன்றை மற்றொன்றாக்கிக் கம்பியின் தாளத்தோடு சேர்த்துவிடுகிறது. யூனிட் என்பது இந்த ஓட்டத்தின் அளவு: ஆயிரம் வாட் வேகத்தில் ஒரு மணி நேரம். பழைய மின்விசிறியென்றால் பதின்மூன்று மணி நேரம் ஓடும்; ஒன்றரை டன் ஏ.சி. என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. வெயில் உச்சியில் இருக்கும்போது பல்கலைக்கழகத் தகடுகள் இப்படிப்பட்ட யூனிட்டை இரண்டு வினாடிக்கு ஒன்று என்ற கணக்கில் பெற்றுத் தள்ளுகின்றன.

வேலைநாளாக இருந்தால் நம் யூனிட் வளாகத்துக்குள்ளேயே செலவாகியிருக்கும். ஞாயிறு என்பதால் மிச்சமாகி, மீட்டரைத் தாண்டி வெளிக் கம்பிக்கு வருகிறது.

எல்லைகளைத் தாண்டி

புதுச்சேரி நகரத்திலிருந்து காலாப்பட்டுக்குப் பஸ்ஸில் வருகிறவருக்குத் தெரியும்: நகர எல்லை முடிந்ததும் கோட்டக்குப்பம், பெரிய முதலியார் சாவடி, பொம்மையார்பாளையம் என்று தமிழ்நாட்டு ஊர்கள் வரும். பிறகு மறுபடி புதுச்சேரி. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் துண்டு துண்டாகப் பிடித்துவைத்த நிலத்தின் வரைபடம் இன்னும் அப்படியே இருக்கிறது. சில கிலோமீட்டரில் பெட்ரோல் விலை மாறும், மதுக்கடைப் பலகை மாறும், மின்கட்டணமும் மாறும். அந்தப் பக்கத்துக்குத் தமிழ்நாட்டின் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விலை சொல்கிறது. இந்தப் பக்கத்துக்கு, கோவாவையும் யூனியன் பிரதேசங்களையும் சேர்த்துக் கவனிக்கும் கூட்டு ஆணையம் சொல்கிறது.

கம்பிக்கு இந்த எல்லை எதுவும் தெரியாது. புதுச்சேரியின் சொந்த மின் உற்பத்தி என்று பார்த்தால் பெரிதாகச் சொல்ல இருப்பது காரைக்காலில் உள்ள 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம்தான். மற்றதெல்லாம் நெய்வேலி, கல்பாக்கம், ராமகுண்டம் போன்ற மத்திய அரசு நிலையங்களில் கிடைக்கும் பங்கு. எல்லாம் சேர்ந்து ஓடுவது ஒரே தொகுப்பில். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் கம்பி தென்னக மின்தொகுப்பை வடக்கோடு இணைத்தது. அன்றிலிருந்து காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை ஒரே அதிர்வெண்.

அந்தத் தொகுப்பில் இறங்கிய நம் யூனிட்டை இனி அடையாளம் காட்ட முடியாது. மின்சாரத்தில் பெயர் எழுதி அனுப்ப வழியில்லை. கம்பிக்குள் எலக்ட்ரான்கள் ஊர் ஊராகப் போவதுமில்லை. இருந்த இடத்திலேயே அதிர்கின்றன, ஆற்றல்தான் ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் கடக்கிறது. நாம் பிறகு போகப்போகும் ஆனைமலை காலாப்பட்டிலிருந்து நேர்க்கோட்டில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரு முறை கண் இமைப்பதில் நூறில் ஒரு பங்கு நேரம் போதும். ஆகவே இனி நாம் தொடர்வது ஒரு கணக்கை: இங்கே ஒன்று உள்ளே போயிற்று, எங்கோ ஒன்று வெளியே வந்தாக வேண்டும்.

வந்தாக வேண்டும் என்பது அந்த நொடியிலேயே. தொகுப்பு நின்று நிலைப்பது ஒரே விதியில்: எவ்வளவு பிறக்கிறதோ அவ்வளவு அந்த நொடியே செலவாக வேண்டும். பிறப்பு அதிகமானால் அதிர்வெண் ஐம்பதுக்கு மேலே ஏறும், செலவு அதிகமானால் கீழே இறங்கும். இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட இடைவெளி 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரை. பெங்களூரில் உள்ள தென்மண்டல மின்சுமை மேலாண்மை மையமும் சென்னையில் உள்ள மாநில மையமும் இரவு பகலாகக் காவல் காப்பது இந்தக் கம்பி மேல் நடையைத்தான்.

வெயில் காய்ந்து, காற்றும் வீசி, வாங்க ஆளில்லாமல் போனால் என்ன ஆகும்? நிலக்கரி உலையைக் கொஞ்சம் தணிக்கலாம், முழுவதும் அணைக்க முடியாது. அணைத்தால் மாலையில் மூட்ட முடியாமல் போய்விடும். எனவே காற்றாலைக்கும் சூரிய நிலையத்துக்கும் உற்பத்தியைக் குறைக்கச் சொல்லி உத்தரவு போகும். தமிழ்நாட்டில் அப்படிச் சொன்னது தொகுப்பின் பாதுகாப்புக்காகவா, விலை மலிவான வேறு மின்சாரத்துக்காகவா என்ற வழக்கு மின்சாரத்துக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போனது. 2021 ஆகஸ்டில் தீர்ப்பாயம் சூரிய மின் உற்பத்தியாளருக்கு இழப்பீடு தரச் சொன்னது. பிறக்கவிடாமல் தடுத்த யூனிட்டுக்கும் விலை உண்டு என்று ஏற்றுக்கொண்ட தீர்ப்பு அது.

நம் யூனிட் பிறந்துவிட்டது. ஏழு மணியை எட்ட அதற்கு நான்கு வழிகள் இருக்கின்றன.

ஈயத்தின் வழியே

முதல் வழி எல்லார் வீட்டிலும் தெரிந்தது. 2008க்குப் பிறகு தமிழ்நாட்டில் சில ஆண்டுகள் நீடித்த மின்வெட்டுக் காலத்தில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது. கூடவே மாடிப்படிக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டியும். அதன் உள்ளே இருப்பது ஈயமும் கந்தக அமிலமும். இந்த ஏற்பாட்டை 1859இல் செய்தவரும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான், காஸ்டன் பிளான்டே. இரண்டு ஈயத் தகடுகளை அமிலத்தில் வைத்து மின்சாரம் செலுத்தினால், அது வேதிமாற்றமாகி உள்ளே தங்கும். கேட்கும்போது திரும்ப வரும். திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கக்கூடிய முதல் பேட்டரி அதுதான்.

கடையில் கிடைக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பேட்டரியில் காகிதக் கணக்குப்படி 1.8 யூனிட் கொள்ளும். அடிமட்டம் வரை வடித்தால் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும் என்பதால், நல்லபடியாக எடுக்க முடிவது ஒரு யூனிட்டும் கொஞ்சமும். நம் யூனிட்டுக்கு அளவெடுத்துத் தைத்த இடம். ஆனால் ஏற்றும்போது ஒரு பங்கு, இறக்கும்போது ஒரு பங்கு என்று வெப்பமாகப் போய்விடும். ஒன்று போட்டால் முக்கால்தான் கைக்கு வரும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற மறந்தால் அதுவும் இல்லை. சில ஆண்டுகளில் பேட்டரி உட்கார்ந்துவிடும், பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார். அந்த ஈயம் உருகி இன்னொரு பேட்டரியாகத் திரும்பி வரும். பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேலேயே 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் வைத்திருக்கின்றன. விதிக்கு வெளியே திறந்த உலையில் ஈயம் உருக்குகிற இடங்களில் அந்தப் புகையைச் சுவாசிக்கும் பிள்ளைகள் கொடுக்கும் விலை எந்த மின்கட்டணத்திலும் வராது.

ஏட்டின் வழியே

இரண்டாம் வழியில் பேட்டரியே தேவையில்லை. மாடியில் தகடு போட்டவர் நண்பகலில் மிஞ்சியதைக் கம்பிக்குத் தருகிறார், இரவில் கம்பியிலிருந்து எடுத்துக்கொள்கிறார். கொடுத்ததையும் எடுத்ததையும் கழித்து மிச்சத்துக்கு மட்டும் பில். நெட் மீட்டரிங் என்ற இந்த ஏற்பாட்டுக்குப் புதுச்சேரியில் கூட்டு ஆணையத்தின் 2019ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம், மூன்று கிலோவாட் தகட்டுக்கு 78,000 ரூபாய் மானியமும் தருகிறது.

தகடு போட்டவர் பார்வையில் தொகுப்பு ஒரு பெரிய பேட்டரி: பகலில் போட்டது இரவில் அப்படியே, ஒரு துளி குறையாமல் வருகிறது. உண்மையில் அது போட்ட நொடியே யாரோ ஒருவர் வீட்டில் செலவாகிவிட்டது. இரவில் அவர் வாங்குவது நெய்வேலியில் அப்போதுதான் எரிந்த பழுப்பு நிலக்கரியிலிருந்தோ, சந்தையில் மாலை விலைக்கு வாங்கியதிலிருந்தோ வருவது. ஏடு ஏழு மணி நேரத்தைக் கடந்துவிட்டது, யூனிட் கடக்கவில்லை. நண்பகல் யூனிட்டும் இரவு யூனிட்டும் ஒன்று என்று ஏட்டில் எழுதிவிட்டால் அந்த வித்தியாசத்தை யாரோ தந்தாக வேண்டும். தருகிறவர், மாடியும் தகடும் இல்லாத அதே பெரிய காலாப்பட்டு வீட்டுக்காரர். எல்லார் பில்லிலும் பரவிக் கிடக்கும் கட்டணத்தின் வழியாக அவருக்குத் தெரியாமலே தருகிறார். வீட்டுச் சூரிய மின்சாரம் பரவ வேண்டியதுதான். இந்தச் சலுகை இல்லாமல் அது இவ்வளவு வேகமாகப் பரவியும் இருக்காது. ஆனாலும் பயணச் செலவு இல்லாத பயணம் அல்ல இது; செலவு வேறு ஒருவர் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது.

லித்தியத்தின் வழியே

மூன்றாம் வழி புதுச்சேரிக்குள்ளேயே இருக்கிறது, அதிகம் பேருக்குத் தெரியாது. தொகுப்புக்கென்றே பேட்டரி வைத்தால் என்ன ஆகும் என்று இந்தியா சோதித்துப் பார்த்த முதல் இடங்களில் ஒன்று புதுச்சேரி. பவர்கிரிட் நிறுவனம் இங்குள்ள தன் துணை மின்நிலையத்தில் 2017இல் இரண்டு வகைப் பேட்டரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியது. ஒன்று மேம்படுத்திய ஈய-அமில வகை, மற்றொன்று லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. ஒவ்வொன்றும் 500 கிலோவாட் திறன், 250 யூனிட் கொள்ளளவு. முழு வேகத்தில் இறக்கினால் அரை மணி நேரத்தில் காலியாகும்.

250 யூனிட் என்பது எவ்வளவு? இரண்டையும் சேர்த்தாலும், நல்ல வெயிலில் பல்கலைக்கழகத் தகடுகள் ஏறத்தாழக் கால் மணி நேரத்தில் நிரப்பிவிடும் அளவு. நண்பகலை இரவுக்குக் கொண்டுசேர்க்க இது போதாது. முக்கியமாகச் சோதிக்கப்பட்டது வேறு விஷயம்: அதிர்வெண் சறுக்கும்போது பேட்டரி எவ்வளவு சீக்கிரம் கைகொடுக்கிறது. ஒரு மேகம் தகடுகளின் மேல் நகரும் நேரத்தில் நிலக்கரி உலை அசைந்து கொடுக்கச் சில நிமிடமாகும். பேட்டரிக்கு ஒரு வினாடிகூட வேண்டாம். ஏழு மணி நேரத்தைப் பற்றிப் பேசும்போது ஏழு வினாடியை மறந்துவிடுகிறோம். தொகுப்பு விழ அந்த ஏழு வினாடியே போதும்.

லித்தியம் அயனி பேட்டரியை உருவாக்கியதற்காக ஜான் குட்எனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அதே ஆண்டு டெல்லியின் ரோகிணியில் 10 மெகாவாட் பேட்டரி நிலையம் ஓடத் தொடங்கியது. அதன்பின் விலை இறங்க இறங்க, இரண்டு மணி நேரம், நான்கு மணி நேரம் தாங்கும் பேட்டரிகளுக்கு மாநிலங்கள் டெண்டர் விடும் காலம் வந்திருக்கிறது. இந்த வழியாகப் போனால் நம் யூனிட் பத்தில் ஒரு பங்கைக் கொஞ்சம் முன்பின்னாக இழந்து, மிச்சத்தோடு ஏழு மணிக்கு வந்து சேரும். பயணம் சுகம்தான். லித்தியத்தையும் செல்களையும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டியிருப்பதுதான் இதன் முள்.

மலையின் வழியே

நான்காம் வழி நீளமானது, பழையது, தமிழ்நாட்டில் மிகப் பெரியதும் அதுவே. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குப் போகும் மலைச்சாலைக்கு அப்பால், ஆனைமலைக் காட்டுக்குள் கடம்பாறை அணை இருக்கிறது. அதற்குக் கீழே மேல் ஆழியாறு நீர்த்தேக்கம். இரண்டுக்கும் நடுவில், பாறையைக் குடைந்த குகைக்குள், சுரங்கச்சாலை வழியாகப் போய்ச் சேரும் மின்நிலையம். தலா 100 மெகாவாட் கொண்ட நான்கு இயந்திரங்கள். 1987இலிருந்து 1989க்குள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கியவை. தண்ணீர் மேலிருந்து இறங்கும்போது இவை டர்பைன், கரண்ட் தரும். கரண்ட் கொடுத்துத் திருப்பிச் சுற்றினால் இவையே பம்ப், இறங்கிய தண்ணீரை மறுபடி மேலே ஏற்றும்.

ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு தண்ணீர் என்ற கணக்கு எளிது. வீட்டு மொட்டை மாடியில் நிற்கும் ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீரைப் பத்து மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால் அதில் தங்குவது ஒரு யூனிட்டில் முப்பத்தேழில் ஒரு பங்குதான். ஒரு முழு யூனிட் தங்க வேண்டுமானால் அதே தொட்டியை 367 மீட்டர் தூக்க வேண்டும். கடம்பாறைக்கும் மேல் ஆழியாறுக்கும் நடுவே உள்ள உயர வித்தியாசம் ஏறத்தாழ அவ்வளவுதான். காலாப்பட்டில் அவ்வளவு உயரம் எங்கே கிடைக்கும்? ஆகவே நம் யூனிட் கடற்கரையிலிருந்து மலையேற வேண்டியிருக்கிறது. அங்கே அது ஒரு தொட்டித் தண்ணீராக மேலே போய் உட்கார்ந்து, பொழுது சாயும் வரை காத்திருந்து, இறங்கும்போது மறுபடி கரண்டாகிறது. நான்கு கொடுத்தால் மூன்று திரும்பும் வழி இது. குழாயின் உராய்வும் இயந்திரத்தின் வெப்பமும் ஒன்றை எடுத்துக்கொள்ளும்.

கடம்பாறை தமிழ்நாட்டு மின்வாரியத்தின் சொத்து. புதுச்சேரி மின்துறையின் பங்குக் கணக்கில் வராது. காலாப்பட்டுத் தகட்டின் மிச்சம் அந்தப் பம்பைச் சுற்றியது என்று எந்த ஏடும் சொல்லாது. ஆனால் ஒரே அதிர்வெண்ணில் துடிக்கும் தொகுப்பில், ஞாயிறு நண்பகலில் எங்கெங்கோ மிஞ்சியதெல்லாம் சேர்ந்துதான் அந்தப் பம்பைச் சுற்றுகிறது.

கடம்பாறையின் வரலாற்றில் ஒரு தலைகீழ் மாற்றம் நடந்திருக்கிறது. அதைக் கட்டிய காலத்தில் சூரிய மின்சாரம் என்ற பேச்சே தொகுப்பில் இல்லை. ஊர் தூங்கும் இரவில் அனல் நிலையங்களில் மிஞ்சுவதை வைத்துத் தண்ணீரை ஏற்றி, பரபரப்பான நேரத்தில் இறக்குவதுதான் திட்டம். தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை 1986இல் நின்றபோதும், அது இவ்வளவு பெரிதாகும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். இன்று ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய், கம்பம் பள்ளத்தாக்கு என்று மே முதல் செப்டம்பர் வரை காற்று வீசுகிறது. 2016இல் கமுதியில் வந்த 648 மெகாவாட் நிலையத்தைப் போலச் சூரிய நிலையங்களும் பெருகிவிட்டன. மிஞ்சும் நேரம் இரவிலிருந்து பகலுக்கு இடம் மாறிவிட்டது. அதே இயந்திரம், அதே தண்ணீர், ஏற்றும் நேரம் மட்டும் நண்பகலாகிறது. நீலகிரியில் கட்ட எடுத்துக்கொண்ட 500 மெகாவாட் குந்தா நீரேற்று மின்திட்டமும் இந்தப் புதிய தேவைக்கு உதவும். முதலாவது ஓடத் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்தும் இரண்டாவது முடியாமல் இழுத்தது என்பதிலிருந்து, மலையைக் குடைவது எவ்வளவு நிதானமான வேலை என்று தெரியும்.

வடக்கு நாடுகளின் கடன்

இந்த ஏழு மணி நேரச் சிக்கலைப் பல மாதச் சிக்கலாக வைத்திருப்பவர்கள் வட ஐரோப்பியர். அவர்களுக்குக் குளிர்காலத்தில்தான் மின்சாரம் வேண்டும், அப்போதுதான் வெயில் இருக்காது. நார்வேயின் மலை ஏரிகளிலும் அணைகளிலும் தேங்கும் நீரில் சுமார் 8,700 கோடி யூனிட் அடங்கும். ஐரோப்பாவின் அணைநீர்ச் சேமிப்பில் ஏறத்தாழப் பாதி அது. பக்கத்து டென்மார்க்கில் மலையே கிடையாது, காற்று மட்டும் ஏராளம். 1970களில் கடலடியில் போட்ட கம்பி இரண்டையும் இணைத்தது. இன்று ஸ்காகராக் என்ற அந்த இணைப்பின் திறன் 1,700 மெகாவாட்.

இதில் கவனிக்க ஒரு நுட்பம் உண்டு. டென்மார்க்கின் காற்று மிஞ்சும்போது நார்வே பெரும்பாலும் தண்ணீரை மேலே ஏற்றுவதில்லை. தன் அணையைத் திறக்காமல் வைத்துக்கொண்டு அந்தக் காற்று மின்சாரத்தில் ஊரை ஓட்டுகிறது. காற்று ஓய்ந்ததும் மதகைத் திறக்கிறது. மேலே ஏற்றாத தண்ணீரில் நஷ்டமும் இல்லை. நமக்கும் இந்த வழி கொஞ்சம் திறந்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று ஒரே மாதங்களில் கணவாய்களில் காற்றாலையைச் சுற்றவும் செய்கிறது, நீலகிரி அணைகளை நிரப்பவும் செய்கிறது. காற்று வீசும்போது பைக்காரா, குந்தா அணைகளின் நீரைச் செலவழிக்காமல் வைத்துக்கொள்ளலாம். மேட்டூரில் அது நடக்காது. அங்கே மதகு திறப்பது டெல்டாவின் நெல்லுக்காக, கரண்டுக்காக அல்ல.

பின்லாந்து வேறு பாதையில் போனது. 2022இல் கன்கான்பே என்ற சிற்றூரில் ஓர் எஃகுக் கோபுரத்தில் 100 டன் மணலைக் கொட்டி, மலிவான நேரத்து மின்சாரத்தால் அதை ஐந்நூறு அறுநூறு டிகிரிக்குச் சூடாக்கினார்கள். அந்தச் சூட்டைத் திருப்பி மின்சாரமாக்கவில்லை. குழாய் வழியாக வீடுகளுக்குக் கதகதப்பாக அனுப்பினார்கள். ஊருக்கு வேண்டியது சூடு, எனவே சூடாகவே சேமித்தார்கள். ஒரு வடிவத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு பங்கு போகிறது என்றால், மாற்றாமலே வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்தானே.

ஏழு மணியை நண்பகலுக்கு நகர்த்துவது

அந்தப் புத்திசாலித்தனத்தைக் காலாப்பட்டுக்குப் பெயர்த்தால் மணலுக்குப் பதில் ஐஸ் வரும். இங்கே யாருக்கும் சூடு வேண்டாம், குளிர்தான் வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். நல்ல ஐஸ் ஆலையில் ஒரு யூனிட் சுமார் பதினைந்து கிலோ ஐஸாக உறையும். நண்பகலில் உறையவைத்தால் அது விடியற்காலையில் கரைக்கு வரும் மீனைக் காக்கும்: பதினாறு பதினேழு மணி நேரப் பயணம், லித்தியம் வேண்டாம், மலை வேண்டாம். பெரிய கட்டடங்களில் பகலில் தண்ணீரைக் குளிரவைத்துத் தொட்டியில் தேக்கி, மாலையில் அதை ஏ.சி.க்கு விடுவதும் இதே கணக்குத்தான்.

பக்கத்து ஆரோவில்லில் இன்னும் எளிய ஒரு பதில் இருக்கிறது. அங்கே சோலார் கிச்சன் என்ற பொதுச் சமையற்கூடத்தின் மேலே பதினைந்து மீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கிண்ணம் ஒன்று வானத்தைப் பார்த்து நிற்கிறது. அது குவிக்கும் வெயிலில் நீராவி உண்டாகி, அந்த நீராவியில் மதியச் சமையல் நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆயிரம் பேர் சாப்பாட்டுக்கான அடுப்பு அது. மதியச் சமையலுக்குப் பெரிய சேமிப்பு தேவையில்லை. வெயில் உச்சிக்கு வரும் நேரமும் உலை கொதிக்க வேண்டிய நேரமும் ஒன்றுதான். யூனிட்டை நண்பகலிலிருந்து இரவுக்கு இழுப்பதைவிட, இரவின் வேலையை நண்பகலுக்கு இழுப்பது எவ்வளவோ மலிவு. எல்லா வேலையும் அப்படி வராது. விளக்கை நண்பகலில் எரிக்க முடியாது, மீனவர் வீட்டு விசிறியும் இரவில்தான் வேண்டும். ஆனால் தண்ணீர் மோட்டாரும் துணி துவைப்பதும் ஸ்கூட்டர் சார்ஜ் செய்வதும் வரும். இரவில் மோட்டார் போட்டே பழகிய கை கொஞ்சம் மாற வேண்டும்.

கை மாற வேண்டுமானால் பில் மாற வேண்டும். 2023இல் மத்திய அரசு திருத்திய மின்நுகர்வோர் உரிமை விதிகள், வெயில் நேரத்துக்கு வழக்கத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைந்த கட்டணமும், உச்ச நேரத்துக்குத் தொழில், வணிக நுகர்வோரிடம் குறைந்தது 20 சதவீதமும் மற்றவரிடம் 10 சதவீதமும் கூடுதலும் வைக்கச் சொல்கின்றன. மிகச் சிறியவை நீங்கலாகத் தொழில், வணிக நுகர்வோருக்கு 2024 ஏப்ரலிலும், விவசாயம் நீங்கலாக மற்றவர்களுக்கு 2025 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வர வேண்டும் என்பது விதி. ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய பிறகுதான் அது கைக்கு வரும். நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது, ஸ்மார்ட் மீட்டரைப் பற்றிய சந்தேகமும் எதிர்ப்பும் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அந்தச் சந்தேகத்தில் நியாயமும் இருக்கிறது. உச்ச நேரக் கட்டணம் முதலில் சுடப்போவது மாலையில் மட்டுமே வீட்டில் இருக்கும் கூலிக்காரரை. பகலில் மலிவாகத் தருவதும், சிறு நுகர்வோரின் மாலை விளக்குக்கு விலக்கு தருவதும் சேர்ந்தே வர வேண்டும்.

அதற்காக எல்லா யூனிட்டும் ஒன்று என்ற பழைய கணக்கைத் தொடர்வதும் நியாயமாகாது. ஏழு மணி நேரத்தைக் கடக்க ஈயம் உருகுகிறது, லித்தியம் கப்பலேறுகிறது, ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு மலையை ஏறி இறங்குகிறது. அந்தச் செலவு இப்போது யார் பெயரும் இல்லாமல் எல்லார் பில்லிலும் கலந்திருக்கிறது. எத்தனை யூனிட் என்ற கேள்வியோடு எந்த நேரத்து யூனிட் என்ற கேள்வியும் ரசீதில் ஏறினால், தகடு போட்டவர், போடாதவர், ஆலைக்காரர், பல்கலைக்கழகம் என்று ஒவ்வொருவரும் அதில் எவ்வளவு தருகிறார்கள் என்பது வெளியே வரும். யார் தர வேண்டும் என்ற சண்டையை அதன் பிறகாவது கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு போடலாம்.